வெள்ளைக்கோடும் விதானையாரின் சைக்கிளும்

கல்முனையில் பஸ் என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டது. நடுரோடு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. கடைத்தெருவின் இரண்டு பக்கமும் வேன்களும் கார்களும் இடைவெளியில்லாமல் நின்றன. ஓரத்துக்கு வர பஸ்ஸுக்கு வழியே இல்லை. கண்டக்டர் என் தகரப்பெட்டியைக் கீழே வைத்தாரோ இல்லையோ, ஒரு மீன்காரரின் சைக்கிள் வந்து அதில் மோதியது. பின்னால் கட்டியிருந்த மரப்பெட்டி சரிந்து, பாரை மீனும் கீரி மீனும் தாரில் சிதறின.

எங்கள் நாகப்பட்டினமாக இருந்தால் என் வம்சத்தையே இழுத்துப் பேசியிருப்பார்கள். நானும் பதிலுக்குத் தயாராகத்தான் நின்றேன். அந்த மனிதரோ சைக்கிளை நிமிர்த்திவிட்டு, பெட்டிக்குள் ஏதாவது உடைந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். முன்பெல்லாம் சைக்கிள் போவதற்கு என்று ஓரம் இருந்ததாம். இப்போது வேன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதால் பஸ்ஸோடு பஸ்ஸாக ஓட வேண்டியிருக்கிறதாம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்க, நாங்கள் இருவரும் குனிந்து மீன் பொறுக்கினோம்.

பதினோரு வருடம் கழித்து என்னைப் பார்த்த என் லாத்தா, அதாவது அக்கா, கேட்ட முதல் கேள்வி, "மீனும் வாங்கிட்டா வாறாய்?" என்பதுதான். சட்டை அப்படி நாறியது. கல்யாணமாகி இந்தக் கல்முனைக்குடிக்கு வந்தபோது அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு. இப்போது வாயைத் திறந்தால் 'ஓம்', 'மறுகா' எல்லாம் தானாக வருகிறது. அவளைப் பார்ப்பதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு மாத விசா.

மச்சானை, அதாவது லாத்தாவின் கணவர் இஸ்மாயிலை, அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. விதானையார் என்றால்தான் தெரியும். வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அவர். பெரிய வாய்க்காலிலிருந்து சின்ன வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் இரும்புக் கதவை அங்கே துருசு என்கிறார்கள். அதைத் திருகித் திறக்க ஒரு முழ நீளத்தில் ஓர் இரும்புத் திறப்பு உண்டு. திறப்பு என்றால் நம்முடைய சாவி. அந்த ஒரே திறப்பு மச்சானின் சைக்கிள் பாரில் ரப்பர் வாரால் கட்டப்பட்டு எந்நேரமும் அவரோடு போய்வந்தது.

மறுநாள் காலையில் இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும். சட்டியோடு வந்த எருமைத் தயிரைச் சீனி போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். தயிருக்குச் சீனியா என்று முகம் சுளித்த நான், நாலாம் நாள் சட்டியை வழித்தேன். வயிறு நிறைந்ததும் மச்சான் எனக்கொரு சைக்கிளை இரவல் வாங்கித் தந்தார்.

அந்த ஊரைச் சைக்கிள் ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை சைக்கிளில் போகிறார், மௌலவி சைக்கிளில் போகிறார், நெல் மூட்டையும் விறகும் ஐஸ்பழமும் சைக்கிளில் போகின்றன. மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்து டீச்சர் வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு குடையோடு மிதித்துப் போகிறார். மேடு பள்ளம் இல்லாத மணல் ஊர், கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். சைக்கிளுக்கென்றே படைத்ததுபோல இருக்கிறது.

இந்தச் சைக்கிள்களெல்லாம் கடை வாசலிலும் தபால் கந்தோர் வாசலிலும் பள்ளிவாசல் மதில் ஓரத்திலும் நின்றன. தெருவோரம் என்றாலே சைக்கிள் நிற்கும் இடம். அது நின்ற வரைக்கும் அந்தப் பக்கம் பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்து நடந்திருக்கிறார்கள். சைக்கிளில் சாய்ந்தபடி ஆட்கள் கதைத்திருக்கிறார்கள், பஸ்ஸும் மரியாதையாக மெதுவாகப் போயிருக்கிறது. லாத்தாவே சொன்னாள், இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருவாளாம். இப்போது நடக்க ஓரமில்லை என்று போவதில்லை.

இறக்குமதிக்கு அரசாங்கம் கதவைத் திறந்துவிட்ட நாலைந்து வருடத்தில் ஜப்பான் வேன்கள் வந்து குவிந்துவிட்டன. வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? என் ஆத்திரமெல்லாம் அவை எங்கே நிற்கின்றன, யாருடையவை என்பதில்தான். சாமான் வாங்க வந்தவர்களுடையவை என்று முதலில் நினைத்திருந்தேன். ஒரு காலை முழுவதும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். வேன் வைத்திருந்தவர்கள் கடை முதலாளிமாரேதான். அரைமைல் தூரத்து வீட்டிலிருந்து காலையில் ஓட்டி வந்து, தன் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பொழுதுசாயும் வரை அதை அசைப்பதில்லை. வாங்க வருபவர்கள் எல்லாரும் சைக்கிளில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு நிற்க இடமில்லை. தன் கடை வாசலைத் தானே அடைத்துவிட்டு, வியாபாரம் மந்தம் என்று புலம்புகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு வேன் பிடித்த இடத்தைக் காலால் அளந்து பார்த்தேன். பதினாலு சைக்கிள் தாராளமாக நிற்கும்.

போதாக்குறைக்கு முதலாளிமார் சிலர் ஒரு கமிட்டி அமைத்திருந்தார்கள். எங்கெங்கோ அலைந்து யார் யாரிடமோ அனுமதி பெற்று, தெருவோரம் நெடுக வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் மோட்டார் வாகனம் மட்டுமாம். சைக்கிள்களைச் சந்தைக்குப் பின்னால், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் சுவர் சூழ்ந்த ஒரு வளவுக்குள் விடவேண்டுமாம். ஒருவரும் விடவில்லை. கோட்டுக்கு மேலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

வந்த நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. மச்சானும் நானும் ஜும்ஆவுக்குப் போனோம். மதிலோரம் நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள், எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அச்சு. ஒன்றுக்கும் பூட்டில்லை. எனக்குப் பகீரென்றது. எங்கள் ஊரில் பூட்டிய சைக்கிளையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். தொழுகை முடிந்து வெளியே வந்து என் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், லாத்தாவின் சின்ன மகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அது நான் கொண்டுபோன சைக்கிளே இல்லை.

நான் பதறிப்போனேன். யாரோ ஒருவர் இந்நேரம் போலீஸுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மச்சான் சோற்றைப் பிசைந்தபடியே, "அசருக்குப் போகக்குள்ள எடுத்த எடத்திலயே கொண்டு வைங்க. உங்கடயும் அங்க வந்திரிக்கும்" என்றார்.

அப்படியே நடந்தது. அசர் என்ற அந்த மாலைத் தொழுகைக்குப் போனபோது என் சைக்கிள் அதே மதிலோரத்தில், அதே இடத்தில் நின்றது. வாரா வாரம் இரண்டு மூன்று சைக்கிள் இப்படி மாறிப் போகுமாம். மாறி எடுத்தவர் அசருக்கு அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பார்; பறிகொடுத்தவர் அசருக்கு அதே இடத்துக்கு வந்து எடுத்துக்கொள்வார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நாகப்பட்டினம் ரயில்வே பார்சல் ஆபீஸில் பதினெட்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். சீட்டும் முத்திரையும் கையெழுத்தும் இருந்தும் பொருள் மாறிப்போனால் திரும்பி வந்ததில்லை. இங்கே தெருவோரத்தின் ஒரு சாண் இடத்தை நம்பி ஒரு ஊரே நடக்கிறது.

அந்த வாரம் மச்சானோடு சொறிக்கல்முனைப் பக்கம் போனேன். வாவியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்தான். சிறுபோக நெல், கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நின்றது. ஒரு துருசிலிருந்து பாயும் வாய்க்காலின் கடைக்கோடியில் சவரிமுத்து என்பவரின் வயல். அவர் சொறிக்கல்முனைக் கத்தோலிக்கர். ஐம்பது வயதிருக்கும், வயலைத் தவிர வேறு வருமானம் கிடையாது. போன முறை அவருக்குத் தண்ணீர் எட்டவில்லை. நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த முறை வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பொழுதுபடும் வரை. அதையும் விட்டால் பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது, கதிர் உள்ளேயே கருகிவிடும். சவரிமுத்து என்னைப் பார்த்து, விதானையாரின் சொந்தக்காரர் என்றால் நமக்கும் சொந்தக்காரர்தான் என்று சொல்லி, வெள்ளரிப்பழம் பிளந்து கொடுத்தார்.

மச்சானின் சொந்த வயல் அதற்கு மேற்கே, ஒரு பெரிய வரம்பு தள்ளி, கொஞ்சம் மேட்டில் இருந்தது. அதற்கு வேறு வாய்க்கால். புதன்கிழமையே தண்ணீர் கட்டியாகிவிட்டது.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. புதன் மாலை ஒரு துணிக்கடையில் லாத்தாவுக்குச் சேலை எடுக்கப் போனேன். அந்த முதலாளிதான் கமிட்டியின் பெரிய ஆள். இந்தியாக்காரர் என்றதும் நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்தார். உங்கள் ஊரில் சைக்கிள் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டார். நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? எங்கள் கடைத்தெருவில் ஒருநாள் லாரியைக் கொண்டுவந்து ஓரத்திலிருந்த சைக்கிளையெல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள், மறுநாளிலிருந்து எல்லாரும் ஒழுங்காகிவிட்டார்கள் என்று அளந்தேன்.

அள்ளியது உண்மை. ஒழுங்கானது பொய். அன்று அள்ளியதில் என் சைக்கிளும் ஒன்று, அது எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரு வருடம் ஸ்டேஷனுக்கு நடந்து போனேன், அள்ளியவர்களை நாள் தவறாமல் சபித்தேன். அதை மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவில்லை. ஊர்ப்பெருமை என்ற பெயரில் மனிதன் எதையெல்லாம் பேசிவிடுகிறான்.

அடுத்த வெள்ளி. மச்சான் சைக்கிளை மதிலின் தெருப்பக்கமாக, வெள்ளைக்கோட்டை ஒட்டி வைத்தார். தொழுகை முடிந்ததும் அப்படியே வயலுக்குப் போகவேண்டும் என்று திறப்பையும் பாரிலேயே விட்டார். எனக்கு அங்கே இடம் கிடைக்காததால் பக்கத்துச் சந்தில் விட்டேன். குத்பா பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குத்பா நடக்கும்போது திரும்பிப் பார்ப்பது அங்கே வழக்கமில்லை.

வெளியே வந்தால் மச்சானின் சைக்கிள் இல்லை. தெருப்பக்கம் நின்ற வேறு சிலருடையதும் இல்லை. மற்றபடி மதிலோரம் எப்போதும்போல நிறைந்திருந்தது. ஒருவரும் கூச்சல் போடவில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். மச்சான் நேரத்தைப் பார்த்தார், முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் திறப்பு கட்டிய சைக்கிள் என்று எடுத்தவர் பாதி வழியிலேயே கண்டுகொள்வார், உடனே திரும்பிவிடுவார் என்றார். அசர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்காது, அதற்கு முன்பே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே நின்றார்.

நான் திருட்டு என்றேன். அவர் கேட்கவில்லை. போய்த் தேடலாம் என்றேன். தேடிப் போன நேரத்தில் கொண்டுவந்தவர் ஆளைக் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றார். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. வெயிலில் ஒரு மனிதர், தன் ஊரை நம்பி, ஒரு சைக்கிள் அகல மணலைக் காவல் காத்துக்கொண்டு நின்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அசருக்குப் பாங்கு சொன்னபோது, நான் வந்து இறங்கிய அன்று என் பெட்டியில் மோதிய அந்த மீன்காரர் வந்தார். மச்சானை அங்கே கண்டதும் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன விதானையார், இஞ்ச நிக்கிறீங்க? உங்கட சைக்கிளயும் டிராக்டர்ல ஏத்திட்டுப் போனாங்களே, நான் கண்டன். சந்தைக்குப் பின்னால போட்டுப் பூட்டிட்டாங்க."

மச்சானுக்கு அது உடனே விளங்கவில்லை. யார் ஏற்றினார்கள், எதற்கு என்று இரண்டு தடவை கேட்டார். தொழுதுகொண்டிருந்தவனின் சைக்கிளை ஊர்க்காரனே அள்ளிக்கொண்டு போவான் என்பது அவர் கணக்கில் இல்லாத சங்கதி. பிறகு வளவை நோக்கி நடக்கத் தொடங்கினார். நான் துணிக்கடைக்கு ஓடினேன்.

கடைக்குள் நான் போட்ட சத்தத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். வளவை நாளைக் காலையில்தான் திறப்பது என்று கமிட்டியில் முடிவாம். ஒருநாள் நடந்தால்தான் புத்தி வருமாம். துருசு, திறப்பு, சவரிமுத்துவின் வயல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். முதலாளி உண்மையாகவே திகைத்துப்போனார். விதானையாரின் சைக்கிளும் அதில் இருப்பது தனக்குத் தெரியாது என்றார். மேசை லாச்சியிலிருந்து வளவின் சாவியை எடுத்துத் தந்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "கோவிக்காதீங்க. இப்பிடிச் செய்தா ஊர் திருந்தும் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு வளவுக்கு ஓடினேன். அவரைத் திட்ட நாக்கில் வைத்திருந்ததெல்லாம் என்மேலேயே திரும்பியது.

வளவுக்குள் சைக்கிள்களை விறகுக் கட்டைபோல ஒன்றன்மேல் ஒன்றாக வீசியிருந்தார்கள். மச்சானுடையது அடியில் கிடந்தது. திறப்பு பாரிலேயே இருந்தது, முன்சக்கரம் வளைந்திருந்தது. என் சைக்கிளில் அவரை முன்பாரில் ஏற்றி, திறப்பை அவர் மடியில் வைத்து, நான் மிதித்தேன். என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. தாம்போதி என்ற தரைப்பாலத்தில் செயின் கழன்றது. கிரீஸும் மணலுமாக அதை மாட்டினேன். மச்சான் மேற்கே வெயிலைப் பார்த்தபடி நின்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, பெரிய வாய்க்காலில் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. மேலே அடைத்துவிட்டார்கள். மச்சான் துருசைத் திறந்தார். மிச்சம் நின்ற தண்ணீர் வாய்க்காலில் ஊர்ந்து, தலைப்பக்கத்து வயல்களை நனைத்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

சவரிமுத்து வரம்பில் நின்றிருந்தார். மத்தியானத்திலிருந்து நிற்கிறார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தார்.

"உங்களுக்கென்ன நடந்த விதானையார்? ஒருநாளும் முறை தவறாத மனிசன், வழியில ஏதும் ஆபத்தோ எண்டு பயந்துபோனன்."

தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. மச்சான் சைக்கிள் என்றார், டிராக்டர் என்றார், வேனுக்கு இடம் என்றார். சவரிமுத்து ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. எனக்கே இன்னும் விளங்கவில்லை. பகலெல்லாம் சும்மா நிற்கும் ஒரு வேனுக்கு வாசலில் நிழல் வேண்டும் என்பதற்காக, ஏழு மைலுக்கு அப்பால் ஒரு மனிதனின் நெல் எப்படிக் கருகலாம்?

மச்சான் வெடித்த நிலத்தில் குனிந்து ஒரு பயிரின் குருத்தை விரித்துப் பார்த்தார். பிறகு சவரிமுத்துவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் வயலின் பெரிய வரம்பில் ஏறினார். அந்தப் பக்கம் அவருடைய வயலில் கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றது. அந்த வீட்டின் ஒரு வருடத்துச் சோறு அது. என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் சவரிமுத்துவுக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வேண்டாம், உங்களுக்கும் பத்து நாளைக்கு அதுதானே என்று சவரிமுத்து தடுத்துப் பார்த்தார். பாதியாவது உனக்கு, பாதி எனக்கு என்று சொல்லி, மச்சான் வரம்பில் தண்ணீர் இறங்க வக்கடை வெட்ட இடம் பார்த்துக் காலால் குறித்தார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. துணிக்கடை நாற்காலியையும் பிளேன்டீயையும் நான் அளந்ததையும் சொன்னேன். என் சைக்கிள் பறிபோனதை மறைத்ததையும் சொன்னேன்.

மச்சான் திட்டவில்லை. மண்வெட்டியைத் திருப்பி, பிடிப்பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்பிடியெண்டா நீங்களே வெட்டுங்க, மச்சான்."

செருப்பைக் கழற்றிவிட்டு வரம்பில் ஏறி, என் லாத்தாவின் வயலை நான் வெட்டினேன். மூன்றாவது வெட்டிலேயே தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கியது.